ஒரு கண் மட்டும் மின்னிய யானை

நவராத்திரி வந்துவிட்டால் மைசூரில் பெண்பிள்ளைகளுக்கு எந்த வீட்டுக் கதவும் திறந்ததுதான். முன்பின் தெரியாத வாசலில் நின்று "கொம்பெ கூர்ஸிதீரா?" என்று கேட்டால் போதும். பொம்மை உட்கார்த்தி வைத்திருக்கிறீர்களா என்று அர்த்தம். யார் நீ, எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, குங்குமம் கொடுத்து, சுண்டலும் வெற்றிலை பாக்கும் கையில் வைத்துத்தான் அனுப்புவார்கள். ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிச் சில காலம் ஆகியிருந்த அந்த வருஷம், இந்த நல்ல வழக்கத்தை நான் போலீஸ்காரியைப் போலப் பயன்படுத்திக்கொண்டேன். வாய் சிரிக்கும், கை குங்குமம் எடுக்கும், கண் மட்டும் பொம்மைப் படிகளின் இண்டு இடுக்கெல்லாம் துழாவும்.

நான் தேடியது ஒரு டீசல் எஞ்சின்.

நிஜ எஞ்சின் இல்லை. நீட்டிய கை அளவுதான் இருக்கும். பித்தளையும் தகரமுமாகச் செய்த மாதிரி. எங்கள் வீட்டுக்காரர் ரயில் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். நீராவி எஞ்சினோடு மட்டுமே பழகியிருந்த அந்தப் பட்டறைக்கு டீசல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது, பழைய ஃபிட்டர்களுக்கெல்லாம் பயமாகிவிட்டதாம். "தண்ணி குடிக்காத எஞ்சினை எப்படிடா நம்பறது" என்று ஒருத்தர் கேட்டாராம். அந்த வார்த்தையை எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டதிலிருந்து நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பயம் தெளிய அவர்களே ஒரு வேலை செய்தார்கள். வந்த படங்களை விரித்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து, பெரியதைத் தொடும் முன்னால் சின்னதைச் செய்து பார்த்தார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே விரல் பட்டால் விசிறி சுற்றும். அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அடிப்பலகையில் பதித்த ஒரு துண்டுத் தண்டவாளம். இந்தப் பக்கத்துப் பாதையில் டீசல் ஓடுவதற்கு முன்னாலேயே பெட்டிக்குள் ஒன்று ஓடிவிட்டது என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள்.

அதில் என் பங்கும் ஒரு துளி உண்டு. முன்பக்கம் அருகருகே இரண்டு விளக்கு. ஒன்றின் கண்ணாடி எப்போதோ விழுந்துவிட்டது. என் ஒற்றைக்கல் தோட்டில் ஒன்று கழன்று, வெள்ளைக்கல் தனியாக ஒரு டப்பாவில் கிடந்தது. "சும்மாதானே கிடக்குது, குடு" என்று எங்கள் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய் அந்தக் குழியில் பதித்துவிட்டார். வைரமில்லை, வெறும் கல். "அதுவாச்சும் மின்னட்டும்" என்றார்.

அந்த மாதிரிதான் காணாமல் போயிருந்தது.

போனது இப்படி. பட்டறையில் முன்பிருந்த பழைய அதிகாரியின் மனைவிக்குப் பொம்மை வைப்பதில் பைத்தியம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்த எஞ்சினை வீட்டுக்கு வரவழைத்துப் படிக்குக் கீழே பார்க் அமைத்து ஓட விடுவார். அதிகாரி வாயால் சொல்வார், இவர் எடுத்துக் கொடுப்பார், பண்டிகை முடிந்ததும் திரும்பி வரும். போன வருஷம் பண்டிகை முடிந்த கையோடு அதிகாரிக்கு எங்கேயோ வடகிழக்கே மாற்றல். அப்போது எங்கள் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவ்வளவு தூரம் மண் பொம்மைகளைக் கொண்டுபோக முடியாது, பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பதும் ஆகாது என்று அந்தம்மா பொம்மைகளையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு அக்ரஹாரத்தில் யாரோ ஒரு வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எஞ்சினும் அதற்குள் போயிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் மேல் தூசிக்காகத் துணி போர்த்தியிருந்தது. இந்த நவராத்திரிக்கு முன்னால், புதிதாக வந்த அதிகாரி துணியைத் தூக்கிய அன்றைக்குத்தான் உள்ளே வெறும் தண்டவாளம் கிடப்பது தெரிந்தது.

புதிய அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தசரா முடிஞ்சதும் பழைய ரயில் சாமான்களை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து ஜனங்களுக்குக் காட்டப்போகிறார்கள். இதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று இது மேஜையில் இருக்கணும். இல்லையென்றால் திருட்டு என்று எழுதிப் போலீசுக்கு அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை" என்றாராம். இவர் நடந்ததைச் சொன்னார். "பெரியவர் வீட்டம்மா எடுத்துப் போனார் என்று காகிதம் இருக்கா?" என்று கேட்டார் அவர். காகிதம் ஏது? பழைய அதிகாரி இப்போது இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறார். அவர் வீட்டுப் பேரை இழுத்தால் திருட்டுப் பட்டத்தோடு பொய்யன் பட்டமும் சேரும்.

வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால் சேலத்துப் பக்கம் திரும்பிப் போய், ஜெயிலுக்குப் போன மனுஷன் வீடு என்று பேர் வாங்க வேண்டும். இவர் சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார், அப்படியே கை கழுவிவிடுவார். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் முதுகு நிமிரும்.

"அக்ரஹாரத்துல எந்த வீடுன்னு நான் கேட்டுப் பார்க்கட்டுங்களா?" என்றேன்.

"வாயை மட்டும் திறந்துடாதே" என்றார். "அங்க பாதிப் பேரு நம்ம ஆபீஸ் கிளார்க்குங்க. சர்க்கார் சாமானாமே, போலீஸாமேன்னு ஒரு வார்த்தை பரவட்டும், வச்சிருக்கிறவங்க பயந்துபோய்க் கிணத்துல போட்டுடுவாங்க. அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது."

என்னைப் போய் வாயைத் திறக்காதே என்கிறார். பேசிப் பேசியே கன்னடம் கற்றவள் நான். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. மீதியெல்லாம் குழாயடியிலும் சந்தையிலும் ஜனங்கள் சொன்ன வார்த்தைகளைப் பொறுக்கிப் படித்ததுதான். ஆனால் அந்த நவராத்திரியில் வாயைப் பூட்டிக்கொண்டேன். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டேன். ஹனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், என்னை அக்கா என்பாள். அவளிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. இந்த வருஷம் எனக்கென்னமோ பொம்மை பார்க்கும் ஆசை என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சாயங்காலமானால் கிளம்புவோம். ஊரே வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருக்கும். அரண்மனைப் பக்கம் ஜனம் போகும், நாங்கள் அக்ரஹாரத்துச் சந்துகளுக்குள் போவோம். ஒரு வீட்டில் படிக்குக் கீழே பச்சைப் புல் முளைக்க வைத்து நிஜமாகவே ஒரு ரயில் நின்றது. என் நெஞ்சு அடித்த அடியில் குங்குமத்தை நெற்றிக்குப் பதில் மூக்கில் வைத்துக்கொண்டேன். குனிந்து பார்த்தால் கடைத்தெருவில் விற்கும் சாவி கொடுக்கிற தகர ரயில். இன்னொரு வீட்டில் பாடச் சொன்னார்கள். நான் பாட ஆரம்பித்தால் எங்கள் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். ஆனால் படிகளின் பின்பக்கம் துணி மூடி ஏதோ இருந்தது. அதைப் பார்க்க நேரம் வேண்டியிருந்தது. பாடினேன். துணிக்குப் பின்னால் அரிசி மூட்டைதான்.

"ஏனுங்க்கா, ஒரு வீடு விடமாட்டீங்களாட்டம் இருக்குது" என்றாள் ஹனூர்க்காரி. "சுண்டல் தின்னு தின்னு எனக்கு வயிறே பொம்மையாட்டம் ஆயிருச்சு. நாளைக்கு ஒரு நாள் சும்மா இருப்போமுங்க்கா."

"இன்னும் நாலு வீடு, தாயி" என்பேன். இப்படியே நாள் கழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு திரும்பி வரும்போது அவர் வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். உள்ளே போய்விடுவார்.

சரஸ்வதிக்குப் புத்தகம் அடுக்கும் நாளன்று அந்த வீட்டுக்குள் போனோம். மேல்கோட்டை வழி வந்த ஐயங்கார் குடும்பம். வீட்டுக்குள் பேசுவது அவர்களுடைய பழைய தமிழ். வீட்டம்மா கொஞ்சம் பருத்த உடம்பு, கறார்க் குரல். "வாங்கோ, வாங்கோ. செத்த தள்ளி உக்காருங்கோ, சவாரி அங்கேர்ந்துதான் வரணும்" என்றாள்.

கீழ்ப்படி முழுக்கத் தசரா ஊர்வலம். காலாட்கள், பேண்டு வாத்தியம், குதிரை, ஒட்டகம், கடைசியில் பட்டத்து யானை. சாம்பல் நிறக் கம்பளித் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்த யானை. மேலே ஜரிகைக் காகிதம் ஒட்டிய அம்பாரி, அதற்குள் கட்டைவிரல் உயரத்துக்குச் சாமுண்டி அம்மன். முதுகிலிருந்து தரை வரைக்கும் ஜிகினாப் போர்வை தொங்கியது. "முன்னெல்லாம் அம்பாரியில ராஜாதான் உக்காந்திருப்பார். ஊர்ல ராஜா எறங்கிட்டார், அம்மன் ஏறிட்டா. நம்ம ஆத்து யானையிலயும் மாத்திட்டேன்" என்றபடி, கற்பூரம் காட்டிவிட்டு, ஒரு சிவப்புக் கயிற்றை மெல்ல இழுத்தாள். யானை நகர்ந்தது. கரகரவென்று பலகையைக் கீறிக்கொண்டு வந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். என் கண் அதற்குள் பார்க்கிலும் குளத்திலும் கடைத்தெருப் பொம்மைகளிலும் அலைந்துவிட்டுத் திரும்பியது. எஞ்சின் இல்லை.

மறுநாள் காலை குழாயடி. மனசில் பாரம் இருந்தால் எனக்கு வாய் கூடுதலாக ஓடும். குடத்தை வைத்துவிட்டு, முந்தின நாள் பார்த்த யானையை நடித்துக் காட்டினேன். "கண்ணைப் பார்க்கணுமே! மூக்குக்கு மேலேயே ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு பளபளன்னு மின்னுது, ஒண்ணு தூங்கி வழியுது!" என்று ஒரு கண்ணைச் சிமிட்டித் தும்பிக்கையை ஆட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஹனூர்க்காரி சிரித்தபடி சொன்னாள்: "நானும் பார்த்தனுங்க்கா. யானைக்குக் கண்ணு ரெண்டு பக்கமும்ல இருக்கோணும்? இது லாரி லைட்டாட்டம் முன்னால ரெண்டு வச்சிருக்குது."

குடம் நிறைந்து வழிந்தது. நான் குழாயை மூடவில்லை. "அக்கா, தண்ணி! தண்ணி போகுதுங்க்கா!" என்று அவள்தான் பாய்ந்து மூடினாள். பஞ்சு யானை பலகையைக் கீறிக்கொண்டு வருமா? எனக்கு அந்தச் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது. அதற்குள்ளே பித்தளை இருக்கிறது. மின்னிய கண் என்னுடைய கல்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பெருங்காய டப்பாவில் போட்டு வைத்திருந்த மற்ற தோட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல் அக்ரஹாரத்துக்கு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், முக்கால்வாசி ஓட்டம்தான். அது யார் வீட்டுக்கும் போகிற நேரமில்லை. அடுப்படி நேரம். அதுவும் அஷ்டமி.

அந்த அம்மாள் மடியில் இருந்தாள். குளித்து, மடிப் புடவை கட்டி, மற்றவர் மேலே படாமல் சமைக்கிற நேரம். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அங்கேயே நில்லுங்கோ. சாயங்காலம்தானே வரணும்? நேத்திக்குத்தான் வந்தேளே?"

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சு முழுக்க உதிர்ந்துவிட்டது. "மாமி, உங்க யானைக்குள்ள எங்க எஞ்சின் இருக்குது" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்தால் கதவைச் சாத்திவிடுவாள் போலிருந்தது. கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கண் தானாகத் தேடியது. மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். பழைய அதிகாரியின் வீட்டம்மா, டிரங்குப் பெட்டி, காலிக் கண்ணாடிப் பெட்டி, ஆயுத பூஜை, போலீஸ்.

"அவ குடுத்த பெட்டிதான்" என்றாள். "அதுல சக்கரத்தோட ஏதோ ஒரு வண்டி இருந்தது வாஸ்தவம். பொம்மை ஒடஞ்சுபோய் வண்டி மட்டும் வந்திருக்குன்னு நெனச்சேன். எஞ்சின்னா புகைக்குழாய் இருக்கணும், முன்னால வட்டமா வயிறு இருக்கணும். இது டப்பா மாதிரின்னா இருக்கு? எங்காத்து மர யானைக்குக் கரையான் வந்து காலு போயிடுத்து. கனமா இருக்கு, நன்னா உருள்றது, இது மேலயே யானையைத் தச்சுப்பிடலாம்னு தச்சேன். முன்னாடி ரெண்டு கண்ணு வேற ரெடியா இருந்தது."

"அதுல மின்னற கண்ணு என் தோட்டுக் கல்லு மாமி. ஜோடி இதோ இருக்குது."

மடியில் இருப்பவள் என் கையிலிருந்து வாங்கமாட்டாள். தரையில் வைத்தேன். அவள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு பொம்மைப் படிக்குப் போனாள். என்னால் வாசற்படிக்கு உள்ளே கால் வைக்க முடியாது. அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. குனிந்தாள். தோட்டை யானை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். சன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். உள்ளே ரசம் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"நம்பறேன்" என்று தோட்டைத் திரும்பத் தரையில் வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது. "விஜயதசமி ஆனதும் வந்து எடுத்துண்டு போங்கோ."

"மாமி, நாளைக்கு ஆயுத பூஜை. நாளைக்கு வேணும்."

"அதெப்படி? உக்கார வச்ச பொம்மையை நடுவுல எடுக்கறதே ஆகாது. இதுல அம்மனே உக்காந்திருக்கா. தசரா நடுவுல அம்மனை அம்பாரியிலேர்ந்து எறக்குன்னு சொல்றேளா? எங்காத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கா. நான் எறக்கமாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டு விளக்கை அணைக்காதே என்று நான் கேட்கிறேன். தன் வீட்டு விளக்கை அணைக்கமாட்டேன் என்று அவள் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே பயத்தில்தான் நின்றோம். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோதுதான் தோன்றியது.

"இறக்க வேண்டாம் மாமி. அம்மன் இறங்கவே வேண்டாம். அம்மனோடவே போவோம். யானை இருக்கு, அம்பாரி இருக்கு. அம்மன் சவாரி போறதுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். "சவாரி தசமிக்குத்தான்."

"ஒரு நாள் முன்னாடி ஒத்திகை போகமாட்டாங்களா? நிஜ யானைங்களே ரெண்டு மாசமா ரோட்டுல ஒத்திகை போகுதே மாமி!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க உள்ளே போய் ரசத்தை இறக்கினாள். திரும்பி வந்து நிபந்தனை போட்டாள். கூட அவளும் வருவாள். போர்வையை யாரும் தூக்கக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அம்மன் படிக்குத் திரும்பிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "போர்வையைத் தூக்காம அது எஞ்சின்னு எப்படிச் சொல்றது? யானை பொம்மையைக் கொண்டு வந்து வச்சு விளையாடறியான்னு அதிகாரி கேட்பாரே." தட்டில் சோறு அப்படியே இருந்தது.

ஆயுத பூஜையன்று ஜட்காவில் போனோம். குதிரைக்கும் மாலை, சக்கரத்துக்கும் மஞ்சள் குங்குமம். மாமி மடியில் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் யானை. நான் இரண்டு கையாலும் அம்பாரியைக் காற்றுப் படாமல் மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் கடைக்காரர்கள் பூசணிக்காய் சுற்றி உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுரோட்டில் குங்குமம் கலந்த பூசணிச் சதை. ஒரு திருப்பத்தில் குதிரையின் கால் வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாம்பாளத்தில் சக்கரம் உருண்டு யானை விளிம்புக்கு ஓடியது. மாமி குனிந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டாள். "மெதுவா ஓட்டப்பா, யாரு வரான்னு தெரியறதா?" என்று ஜட்காக்காரனை அதட்டினாள். "கொத்தில்லம்மா, யாரு?" என்றான் அவன், தெரியாதே என்று. "சாமுண்டி!" என்றாள். அவன் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அப்புறம் குதிரையை நடத்தியே கூட்டிப்போனான்.

அன்றைக்கு ஒரு நாள் பட்டறைக்குள் குடும்பங்களை விடுவார்கள். நிஜ டீசல் எஞ்சின் கழுவித் துடைத்து வாழைக்கன்றும் சாமந்தியுமாக நின்றது. அதன் முன்னால் மேஜை. மேஜையில் துணி போர்த்திய கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். அவர் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூட்டம் தாம்பாளத்தைப் பார்த்து வழிவிட்டது. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். மெலிந்த ஆள். யானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எஞ்சின் எல்லி?" என்றார். எங்கே என்று.

"யானைக்குள்ளே இருக்கு சார்" என்றார் இவர்.

ஒருத்தன் பின்னால் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. போர்வையின் நுனிக்குக் கை நீட்டினார். மாமி தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "முட்டபேடி!" என்றாள். தொடாதீர்கள் என்று ஒரு அதிகாரியை அந்தப் பட்டறையில் யாரும் அதுவரை சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மன் இருக்கிறாள், விஜயதசமி முடியும் வரைக்கும் யாரும் போர்வையைத் தூக்க முடியாது என்று கன்னடத்தில் கறாராகச் சொன்னாள். என் பக்கத்து வீட்டு ஹனூர்க்காரி கூட்டத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதிகாரியின் கை நீட்டியபடியே நின்றது. பூஜை செய்பவர் கற்பூரத்தட்டோடு காத்திருந்தார். பார்க்காமல் ஏற்றுக்கொண்டால் நாளைக்கு அவர் தலை உருளும். தூக்கிப் பார்த்தால் பண்டிகை நாளில் அம்மன் போர்வையை உருவியவர் என்று ஊர் பேசும். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவர் மெல்லக் கையை இழுத்துக்கொண்டு யானையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தார். உள்ளே அந்தத் துண்டுத் தண்டவாளம்.

"தூக்க வேண்டாம். இதன் மேலே வையுங்கள்" என்றார்.

இவர் பெட்டியின் கண்ணாடியைத் திறந்துவிட்டார். மாமி யாரையும் தொட விடவில்லை. தானே யானையை அம்பாரியோடு ஏந்தி உள்ளே இறக்கினாள். போர்வை நுனி தண்டவாளத்தின் மேல் மடிந்தது. ஒரு பக்கச் சக்கரம் ஏறி நின்றது, யானை சாய்ந்தது. கூட்டத்தில் ஒருத்தர் "அய்யோ" என்றார். எங்கள் வீட்டுக்காரர் கை நீட்டவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். மாமி யானையை அரை விரற்கடை நகர்த்தினாள்.

டக்கென்று ஒரு சத்தம். யானை நேராக உட்கார்ந்தது.

"இழுங்க" என்றார் அதிகாரி.

மாமி சிவப்புக் கயிற்றை இழுத்தாள். பலகையைக் கீறிக்கொண்டு கரகரவென்று வந்த யானை, அந்தத் தண்டவாளத்தின் மேல் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அம்மன் அசையவில்லை. ஒரு கண் மின்னிக்கொண்டே போய், தண்டவாளத்தின் கோடியில் நின்றது. பழைய ஃபிட்டர் ஒருத்தர் "நம்முதே!" என்று கத்திவிட்டார். நம்முடையதுதான் என்று.

அதிகாரி கொஞ்ச நேரம் குனிந்தபடியே சக்கரத்தடியைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "விஜயதசமி ஆனபிறகு யானையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சினை மட்டும் எனக்குக் கொடுங்கள்" என்று மாமியிடம் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, பூஜையை ஆரம்பிக்கும்படி கை காட்டினார். கற்பூரம் நிஜ எஞ்சினுக்கும் காட்டப்பட்டது, யானைக்கும் காட்டப்பட்டது.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்தார்கள். அவர் எஞ்சின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பசிக்குது" என்றார். அத்தனை நாளுக்கப்புறம் அந்த வார்த்தை. என் முந்தானையில் வாங்கியிருந்த பொரியை அப்படியே அவர் முன்னால் விரித்தேன். கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

மாமி இதற்குள் அந்தப் பெரிய டீசலை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். "நான் தச்சது சரியாத்தான் இருக்கு" என்றாள். "இதுக்குத்தான் தும்பிக்கை இல்லை." பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அதட்டினாள்: "தின்னது போறும், எழுந்திருங்கோ. விளக்கு வைக்கற நேரமாறது. அம்மனை ஆத்துல கொண்டு விட வேண்டாமா?"

அவர் வாய் நிறையப் பொரியோடு எழுந்தார்.